ஏணியோடு வந்த தீர்ப்பு

பனையடிப்புதூர் வக்கீல் சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஆன்லைன் சட்டத் தேடல் வந்த முதல் வாரத்திலேயே, பழைய தீர்ப்பு ஒன்றைத் திறந்தால் அந்தத் தீர்ப்பில் உள்ள மனிதர்களும் கூடவே வந்து வராந்தாவில் நிற்பார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துபோனது. முதலில் வந்தவர்கள் கிணற்றுப் பங்குக்காகச் சண்டை போட்ட அண்ணன் தம்பி இருவர், தலைப்பாகையும் காதில் கடுக்கனுமாக, என்றைக்கோ ஒட்டிய புழுதி இன்னும் காலில் அப்படியே இருக்க, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றார்கள், அவர்களைக் கண்டு சங்கத்தில் யாரும் அலறவில்லை, யாரும் மயங்கி விழவில்லை, கோர்ட்டுக்கு வருகிறவர்கள் ஏதாவது ஒரு வராந்தாவில் நின்றுதானே ஆகவேண்டும் என்று பெஞ்சைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதோடு சரி.

வந்தவர்களுக்கென்று சில குணங்கள் இருந்தன. தீர்ப்பில் எழுதியிருப்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை அவர்கள் வாயில் வராது, அதுவும் நீதிபதி எழுதிய இங்கிலீஷில்தான் வரும், ஆகவே ஏர் பிடித்துக் காய்த்த கையை நீட்டி "நாட்வித்ஸ்டாண்டிங்" என்று ஆரம்பிக்கிற குடியானவரைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே பக்கத்துப் பத்திர ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்துபோனார்கள். காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்யப்பட்ட வழக்குக்காரர்கள் ஊமையாகவே வந்து ஊமையாகவே போனார்கள். அவர்கள் வாயால் சொன்னதை நீதிபதி அப்படியே எடுத்து எழுதியிருந்தால் மட்டும், அந்த இடம் வரும்போது அவரவருக்குச் சொந்தப் பேச்சும் சொந்தக் குரலும் திரும்பக் கிடைக்கும், அது முடிந்ததும் மறுபடி நாட்வித்ஸ்டாண்டிங்.

டீக்கடை செல்லையா உயிரோடு இருக்கிறவர், இல்லாதவர் என்று பேதம் பார்க்காமல் வராந்தாவில் நின்ற எல்லோருக்கும் டீ கொடுத்தார், அப்படிக் கொடுத்ததில்தான் இன்னொரு சங்கதி தெரியவந்தது: பிற்பாடு மேல்கோர்ட்டு தூக்கிப்போட்டுவிட்ட தீர்ப்பின் ஆட்கள் எவ்வளவு உறிஞ்சினாலும் டம்ளரில் டீ குறைவதில்லை, இன்றைக்கும் செல்லுபடியாகிற தீர்ப்பின் ஆட்கள் குடித்தால்தான் டம்ளர் காலியாகிறது. அதற்கப்புறம் டீ கொடுத்துப் பார்க்காமல் எந்த வக்கீலும் எந்தத் தீர்ப்பையும் கோர்ட்டுக்குள் கூட்டிப்போனதில்லை. முன்சீப் ஆக்னஸ் அம்மா வாதத்தைக் கேட்பதற்கு முன்னால் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "டம்ளர் பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்.

ஆனால் ஒரு தீர்ப்பைத் திறந்தால் குறைந்தது பத்துப் பேர் வருகிறார்கள், பெரிய ஜமீன் வழக்கென்றால் குதிரையும் வருகிறது, இத்தனை பேரையும் உட்காரவைத்து முதல் பாராவிலிருந்து கடைசிப் பாரா வரை கேட்க யாருக்குப் பொழுது இருக்கிறது? அதனால் வக்கீல்கள் ஒரு சுலப வழி கண்டுபிடித்தார்கள். தீர்ப்பின் தலைமாட்டில் பதிப்பகத்தார் மூன்று நான்கு வரியில் சுருக்கம் எழுதி வைத்திருப்பார்கள், ஹெட்நோட் என்று அதற்குப் பெயர், அதை மட்டும் திறந்தால் கூட்டம் வராது, ஒரே ஒரு ஆள்தான் வருவான்: தேய்த்த வெள்ளைச் சட்டை, வகிடு எடுத்த தலை, வயசு சொல்ல முடியாத முகம். மூன்று வரியைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். டீ வேண்டாம், நாற்காலி வேண்டாம். இந்த ஹெட்நோட்டுக்காரர்களை ஊருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவர்களை ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

வக்கீல் தங்கபுஷ்பத்துக்கும் அவர்களைத்தான் பிடிக்கும். அவளுக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள், பஸ் நிற்பதற்கு முன்னால் இறங்குவாள், கட்சிக்காரர் கதை சொல்லத் தொடங்கினால் "முடிவைச் சொல்லுங்க, முடிவைச் சொல்லுங்க" என்று மேஜையைத் தட்டுவாள். அப்படிப்பட்டவளிடம் வந்து சேர்ந்தது சுடலைவடிவின் வழக்கு.

வடிவு முறுக்குச் சுட்டு விற்கிறவள். அவள் புருஷன் பரமகுரு அரிசி மில்லில் மூட்டை தூக்கிய மனுஷன், இப்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரம் தவறாமல் டயாலிசிஸுக்குப் பெரியாஸ்பத்திரி போகவேண்டியவர், நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவர்கள் வீட்டுக்கு முன்னால் மில் முதலாளி கோமதிநாயகத்தின் காலிமனை. ஒரு காலத்தில் எல்லாம் ஒரே மனையாக இருந்து, கோமதிநாயகத்தின் அப்பா பின்பாதியை வடிவின் மாமனாருக்கு விற்றது; வழியைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை, முன்மனை ஓரமாக நடந்து போவதும் வருவதும் மூச்சு விடுகிற மாதிரி இருந்ததால் எழுதவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த வழியை அடைத்துத்தான் கோமதிநாயகம் ஆளுயரச் சுவர் எழுப்பியிருந்தார். டயாலிசிஸ் நாளில் தெருவிலிருந்து நாலு பேர் வந்து, பரமகுருவை நாற்காலியோடு தூக்கி, சுவருக்கு மேலே ஏற்றி, அந்தப் பக்கம் நாலு பேர் வாங்கி இறக்கினார்கள். கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் இதைப் பார்க்க வந்த அன்றைக்குச் சுவர் உச்சியில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பரமகுரு சொன்னதை அவர் அப்படியே எழுதிக்கொண்டுபோய் அறிக்கையில் சேர்த்தார்: "சுவர் கட்டினவரு மேல எனக்குக் கோவம் இல்லைங்க. நான் கொஞ்சம் கனமான ஆளு. தூக்குறவங்கதான் பாவம்."

எதிர்த்தரப்பு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் இருக்கிறது, வாய்க்காலுக்குக் குறுக்கே பனந்தடி கிடக்கிறது, அதுவும் வழிதான்.

"நான் நடந்திருவேன் வக்கீலம்மா," என்றாள் வடிவு. "ஆடு நடக்கும், நாய் நடக்கும். அவரு எப்படி நடப்பாரு? ஒரு வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா அவரு இருக்கமாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாவ. தூக்குத பயலுவளும் எத்தனை நாளைக்கு வருவானுவ, அவனுவளுக்கும் பொழைப்பு இருக்குல்லா."

தங்கபுஷ்பம் தேடத் தொடங்கினாள். அவசரக்காரி இல்லையா, தேடல் பெட்டியில் 'சுவர்' என்பதற்கு இங்கிலீஷில் ஒரே ஒரு சொல்லைப் போட்டாள், வந்து விழுந்த பட்டியலில் ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுக்காமல் 'எல்லாம் திற' என்ற பொத்தானை அழுத்தினாள், அழுத்திய சூட்டில் இந்த தேசத்தில் சுவருக்காகச் சண்டை போட்ட அத்தனை பேரும் பனையடிப்புதூருக்கு வந்து இறங்கினார்கள்: வராந்தா நிரம்பி, வளாகம் நிரம்பி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டம், பல்லக்கோடு ஒரு நவாபின் மனைவி, கரண்டியோடு கொத்தனார்கள், பாதிச் சுவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கிழவர், எல்லோரும் ஒரே நேரத்தில் முதல் பாராவைத் தொடங்கியதில் தென்காசி பஸ் ஹாரன் அடித்தும் நகர வழியில்லை. ஊர் அதையும் சமாளித்தது. கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள், போலீஸ்காரர் மாகாண வாரியாகக் கயிறு கட்டினார், பெண்கள் பல்லக்கைச் சுற்றி நின்று அந்த அம்மாளின் தோட்டைப் பார்த்து, "இந்த மாதிரி வேலைப்பாடு இப்ப எவன் செய்யுதான்" என்று அங்கலாய்த்தார்கள். யாரோ ஓடிப்போய்க் கம்ப்யூட்டரை அணைத்த பிறகுதான் பஸ் நகர்ந்தது.

அத்தனை பேரில் வடிவுக்கு உதவுகிறவர் ஒருவரும் இல்லை. வழி, பாதை, வாய்க்கால் என்று தங்கபுஷ்பம் ஒவ்வொரு சொல்லாக மாற்றிப் பார்த்தாள். வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினார்கள், சம்பந்தத்தோடு பேசிய ஒரு தாசில்தாரின் டம்ளரில் டீ நிறைய அப்படியே ஆறிப்போயிருந்தது. வாதத்துக்குக் குறித்த நாளும் வந்துவிட்டது.

கோமதிநாயகத்தின் வக்கீல் உலகநாதன் அண்ணாச்சி அன்றைக்குச் சந்தனப் பொட்டோடு வந்திருந்தார். கூடவே ஒரே ஒரு ஹெட்நோட்டுக்காரன்.

"ஒரு ஆள், மூணு வரி, கோர்ட்டு நேரம் மிச்சம்," என்று முன்சீப் அம்மாவுக்குக் கும்பிடு போட்டார்.

"டம்ளர் பார்த்தாச்சா?"

"ஹெட்நோட்டுக்காரங்க டீ தொடமாட்டாங்கம்மா. விரதம் மாதிரி வச்சுக்கோங்க."

வெள்ளைச் சட்டைக்காரன் முன்னால் வந்து, மெட்ராஸ் ஹைகோர்ட்டின் பழைய தீர்ப்பு ஒன்றின் பெயரைச் சொல்லி, தெளிவான குரலில் சொன்னான்: மாற்றுவழி ஒன்று இருக்கும்போது, அது எவ்வளவு அசௌகரியமானதாக இருந்தாலும், அடுத்தவர் மனை வழியே வழி கேட்க ஒருவருக்கு உரிமை கிடையாது. சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். வடிவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் கோமதிநாயகம் காலை நீட்டி உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முன்சீப் அம்மா மணியைப் பார்த்தார். "மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பதில் சொல்லுங்க, தங்கபுஷ்பம். இன்னைக்கே முடிச்சிரணும்."

சாப்பாட்டு நேரத்தில் தங்கபுஷ்பம் சாப்பிடவில்லை. வராந்தாவில் தூண் ஓரம் நின்ற ஹெட்நோட்டுக்காரனிடம் போனாள். யார் மேலாவது எரிந்துவிழ வேண்டும்போல இருந்தது, அகப்பட்டவன் அவன்தான்.

"ஏன்யா, இவ்வளவு பேசுதீரே, அந்தக் கேஸ்ல கடைசியில ஜெயிச்சது யாரு?"

அவன் அதே மூன்று வரியைச் சொன்னான்.

"அது கேட்டாச்சு. ஜெயிச்சது யாருன்னு சொல்லும்."

அவன் வாயைத் திறந்தான், மூடினான், சட்டைக் கைமடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரியாது. அவனுடைய மூன்று வரியில் அது இல்லை. தங்கபுஷ்பத்துக்குக் காதெல்லாம் சூடேறியது, இத்தனை வருஷமாக இந்த மாதிரி எத்தனை சட்டைக்காரன்களைக் கையைப் பிடித்துக் கோர்ட்டுக்குள் கூட்டிப்போயிருக்கிறாள், ஒருவனிடமாவது இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறாளா? வெட்கமாக இருந்தது. நேரே போய்க் கம்ப்யூட்டர் முன்னால், வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுமையாக உட்கார்ந்து, 'முழுத் தீர்ப்பு' என்ற இடத்தைத் தொட்டாள்.

வந்தார்கள். சங்கிலி பிடித்த சர்வேயர், கணக்குப்பிள்ளை, ஜமீன் காரியஸ்தர், மூன்று மகன்கள், கடைசியில் வாசலில் ஏதோ இடிக்கிற சத்தம், பார்த்தால் நீளமான மூங்கில் ஏணி ஒன்று நிலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அதைச் சாய்த்துத் திருப்பி உள்ளே கொண்டுவந்தாள் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாள், இரண்டாம் வாதி நாச்சியாரம்மாள். அந்த வழக்கில் சுவரே இல்லை. மேட்டு வீடு, கீழே ஓடை, ஏணி வைத்து இறங்குகிற இடத்தைத்தான் ஜமீன்தார் மாற்றுவழி என்று காட்டியிருந்தார். ஏணி என்று தேட தங்கபுஷ்பத்துக்கு எப்படித் தோன்றும்?

அவர்கள் முதல் பாராவிலிருந்து தொடங்கினார்கள். சர்வேயர் நான்கெல்லை சொன்னார், கணக்குப்பிள்ளை வம்சாவளி சொன்னார், வம்சாவளி கிளைவிட்டுக் கிளைவிட்டுப் போனது, "அதை விடுங்க, மேல போங்க" என்று தங்கபுஷ்பம் பழக்கதோஷத்தில் மேஜையைத் தட்ட, அவர்கள் மறுபடியும் நான்கெல்லையிலிருந்து ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. வடிவு எல்லோருக்கும் முறுக்குக் கொடுத்தாள். செல்லையா டீ கொண்டுவந்தார். கோர்ட்டு மணி அடித்தபோதும் வம்சாவளி முடியவில்லை, அவர்கள் சொல்லிக்கொண்டே எழுந்து, சொல்லிக்கொண்டே வளாகத்தைக் கடந்து, ஏணியைச் சாய்த்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார்கள்.

"கூட்டம் சேக்கிறாங்கம்மா!" என்று உலகநாதன் அண்ணாச்சி குதித்தார்.

"அண்ணாச்சி கூட்டிட்டு வந்தவரோட ஆளுங்கதாம்மா. நான் புதுசா யாரையும் கூப்பிடலை," என்றாள் தங்கபுஷ்பம்.

முன்சீப் அம்மா கண்ணாடியை இறக்கினார். "டம்ளர்?"

கதவோரம் நின்ற செல்லையா காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். "அந்தம்மா ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சாவம்மா."

வம்சாவளி முடிந்தது. ஜமீன் காரியஸ்தர் எழுந்து தொண்டையைச் செருமி, மாற்றுவழி எவ்வளவு அசௌகரியமானதாக இருந்தாலும் என்று தொடங்கி, ஹெட்நோட்டுக்காரன் சொன்ன அதே மூன்று வரியை எழுத்து மாறாமல் சொன்னார். ஹெட்நோட்டுக்காரன் முகம் மலர்ந்தது, உலகநாதன் அண்ணாச்சி மேஜையைத் தட்டினார், "இவ்வாறு எதிர்வாதி தரப்பில் வாதிடப்பட்டது" என்று சொல்லிவிட்டுக் காரியஸ்தர் உட்கார்ந்துகொண்டார்.  சுருக்கம் எழுதிய எவரோ, பாவம், தோற்றவன் வாதத்தையே தீர்ப்பு என்று நினைத்து எடுத்துப்போட்டு, அடுத்த பாராவைப் புரட்டாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அடுத்த பாரா நாச்சியாரம்மாளுடையது. அவள் ஏணியைக் கூண்டின்மேல் சாய்த்து வைத்தாள். அந்தக் காலத்து நீதிபதி அவள் சாட்சியத்தை அப்படியே எடுத்து எழுதியிருந்தார் போலிருக்கிறது, அவளுக்குச் சொந்தக் குரல் திரும்பியது.

"உசிரோட இருக்கிற வரைக்கும் ஏறி இறங்கிக்கிட்டோம் எசமான். என் வீட்டுக்காரரு செத்த அன்னைக்கு அவரை ஏணியில கட்டித்தான் கீழ எறக்குனோம். பாதியில கயிறு அறுந்து ஓடையில விழுந்தாரு. செத்தவருக்கு ஏணி இறங்கத் தெரியுமா எசமான்?"

 அவளுடைய மூத்த மகன் கடைசிப் பாராவைச் சொன்னான், இங்கிலீஷில்தான் சொன்னான், முன்சீப் அம்மா அதை வடிவுக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னார்: ஒரு வீட்டுக்கு வழி என்றால் அதில் கல்யாணமும் வரவேண்டும், நோயும் வரவேண்டும், சாவும் போகவேண்டும், இவை போக முடியாதது மாற்றுவழி ஆகாது, நாச்சியாரம்மாளின் மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது. ஹெட்நோட்டுக்காரன் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் சட்டையில் முதல் கசங்கல் விழுந்திருந்தது. வடிவு போகிறபோது அவன் கையிலும் ஒரு முறுக்கை வைத்துவிட்டுப் போனாள்.

சுவரை இடிக்க உத்தரவானது. கோமதிநாயகம் ஒவ்வொரு கோர்ட்டாக ஏறி, தடையுத்தரவு எங்கேயும் கிடைக்காமல் சுவரை இடித்துக் கொடுத்துவிட்டு, வழக்கை மட்டும் ஹைகோர்ட்டு வரைக்கும் நடத்திக்கொண்டிருந்தார். அந்த நாளெல்லாம் பரமகுரு தன் நாற்காலியில் அந்த வழியே போனார், வந்தார், போகிற வழியில் வேலிக் கிளுவையை ஒடித்துப் பல் குத்தினார். மறு வருஷம் இறந்துபோனார். நாலு பேர் தோள் கொடுத்து, எங்கேயும் நிற்காமல், எங்கேயும் சாய்க்காமல், அந்த வழியாகவே அவரைக் கொண்டுபோனார்கள். கோமதிநாயகம்கூடத் தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அதற்கப்புறம் ஹைகோர்ட்டும் வடிவு பக்கமே தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்பு ஆன்லைன் தேடலில் ஏறியது. ஏறிய சில நாளில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் முறுக்குப் பிழிகிற உழக்கோடு உட்கார்ந்திருந்த வடிவு திடீரென்று காணாமல்போனாள். பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு, எங்கேயோ கோர்ட்டில் கூப்பிட்டிருப்பார்கள், வந்துவிடுவாள் என்று வேலையைப் பார்க்கப் போனாள். சாயங்காலம் வடிவு திரும்பி வந்தாள், கையில் அதே உழக்கு. நேரே தங்கபுஷ்பம் ஆபீஸுக்குத்தான் போனாள்.

"எங்க போனீங்க வடிவக்கா?"

"எந்த ஊருன்னு தெரியல வக்கீலம்மா. நல்ல குளிரு. முதல்ல ஒரு சட்டைக்காரப் பய எனக்குப் பதிலா நின்னு மூணு வரி சொல்லிட்டு இருந்தான். பெறவு ஒரு பொண்ணு முழுசும் திறந்தா." வடிவு உட்கார்ந்தாள். "அவரும் வந்திருந்தாரு."

"யாரு?"

"அவருதான். நாக்காலியோட. பதினேழாவது பாராவுல அவரு சொன்னதை சட்ஜய்யா அப்படியே எழுதியிருக்காவளாம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நான் கனமான ஆளு, தூக்குறவங்கதான் பாவம்னு அதையேதான் சொல்லுதாரு. பொய்யி. கடைசியில அவருக்கு ஏது கனம். ஆனா குரலு அவரு குரலு. அந்தச் சுருக்கத்துல அவரு இல்ல வக்கீலம்மா. எல்லா வக்கீல்மாரையும் முழுசாப் படிக்கச் சொல்லுங்க."

 எத்தனை வக்கீல்களிடம் போய்ச் சொல்ல முடியும் தங்கபுஷ்பத்தால்? ஆனாலும் அதற்கப்புறம், வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் சங்கத்துக் கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்காருவாள், வடிவின் தீர்ப்பை முதல் பாராவிலிருந்து திறப்பாள், பஸ் நிற்பதற்கு முன்னால் இறங்குகிறவள், ஒரு வரி தாண்டாமல், எங்கேயும் மேஜையைத் தட்டாமல், நான்கெல்லையும் பத்திரமும் கமிஷனர் அறிக்கையுமாகப் பதினேழாவது பாரா வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள். பரமகுரு நாற்காலியோடு வந்து வராந்தாவில் இருப்பார். தன் ஒரு வாக்கியத்தைச் சொல்வார். செல்லையா கேட்காமலே டீயைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுப்பார், பக்கத்துப் பெஞ்சில் வடிவு உட்கார்ந்து அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் ஒரு மடக்குக் குடிப்பார், டம்ளரில் டீ குறையும்.